நோவும் நோய்தான்

கணைய அழற்சியால் துடிப்பவரிடம் மருத்துவமனைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு: வலி வெறும் அறிகுறிதான், நோயைச் சரிசெய்தால் வலி தானாகப் போய்விடும். தில்லியிலும் கொல்கத்தாவிலும் கொச்சியிலும் மொழி மாறும், வாக்கியம் மாறாது. ஆறுதலுக்காகச் சொல்லப்படும்போது அதில் குற்றமில்லை. சிகிச்சையின் வரிசையைத் தீர்மானிக்கும் கோட்பாடாக அது மாறும்போதுதான் கேடு தொடங்குகிறது. இந்த நோயில் வலியைக் கடத்தும் நரம்புகள் அழற்சியை வளர்ப்பதிலும் பங்கு கொள்கின்றன என்பதற்குக் கால் நூற்றாண்டாகச் சான்றுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. வலியைக் கடைசியில் கவனிக்கும் மருத்துவம் நோயின் ஒரு பகுதியையே கடைசிக்கு ஒத்திப்போடுகிறது.

இந்த வலியைப் பற்றி அறியாதவர்களுக்கு அதன் தன்மையைச் சொல்லியாக வேண்டும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் வலி இது. மல்லாந்து படுக்க முடியாது. முழங்கால்களை மடக்கி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் சற்றுத் தணியும். உண்டால் வலி கூடுகிறது. ஆகவே நோயாளி உணவுக்கு அஞ்சத் தொடங்குகிறார். அஞ்சி உண்ணாததாலும், உண்டது செரிக்காததாலும் உடல் இளைக்கிறது. நோய் நாட்பட்டதாகும்போது இன்சுலின் சுரப்பும் குறைந்து நீரிழிவு சேர்கிறது. வேலையும் படிப்பும் உறக்கமும் இந்த வலியைச் சுற்றியே அமைகின்றன. இத்தகைய ஒன்றை 'அறிகுறி' என்று அழைத்து ஓரமாக வைப்பதற்கு வலுவான காரணம் இருந்தாக வேண்டும்.

தமிழ் இந்தப் பிரிவினையைத் தன் பழஞ்சொற்களில் ஏற்கவில்லை. 'நோ' என்னும் ஒரே வினையடியிலிருந்து நோவும் பிறக்கிறது, நோயும் பிறக்கிறது. 'அழற்சி' என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது. எரிவதும் வலிப்பதும் நலங்கெடுவதும் ஒரே குடும்பத்துச் சொற்களால் சொல்லப்பட்டிருக்கின்றன. 'அறிகுறி' பின்னால் வந்து சேர்ந்த கலைச்சொல். நோய் உள்ளே இருப்பது, வலி வெளியே தெரிவது என்ற பாகுபாட்டை அது சுமந்து வந்தது. சொற்பிறப்பு மருத்துவச் சான்றாகாது என்பது உண்மையே. பழந்தமிழர் கணையத்தின் நரம்புகளை ஆராய்ந்து இச்சொற்களை ஆக்கவில்லை. ஆயினும், நோவையும் நோயையும் பிரித்தது எந்தச் சான்றின் அடிப்படையில் என்று கேட்க இச்சொற்கள் தூண்டுகின்றன. கணையத்தைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு உடலியலில் திருப்தியான விடை இல்லை.

கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கும் உறுப்பு. புரதத்தைச் சிதைக்கும் ட்ரிப்சின் போன்ற நொதிகள் சிறுகுடலை அடைந்த பின்பே செயல்படத் தொடங்க வேண்டும். பித்தக்கல், மது, மரபணுக் குறைபாடு, இரத்தத்தில் மிகுந்த ட்ரைகிளிசரைடு போன்ற காரணங்களால் அவை கணையத்துக்குள்ளேயே செயல்படத் தொடங்கினால் கணையத் திசுவே சேதமடைகிறது. கசியும் ட்ரிப்சின் நரம்பு முனைகளில் உள்ள ஏற்பிகளையும் தூண்டுகிறது. பள்ளிப் பாடம் இந்த இடத்தில் நின்றுவிடும்: நரம்பு செய்தியை மூளைக்கு அனுப்புகிறது, மூளை வலியை உணர்கிறது. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார் என்பது போன்ற சித்திரம் அது.

உணர்வு நரம்பு அப்படிப்பட்ட தபால்காரர் அன்று. தூண்டப்பட்ட நரம்பு முனை, மூளைக்குச் செய்தி அனுப்பும் அதே வேளையில், தான் இருக்கும் திசுவுக்குள்ளும் சில வேதிப்பொருள்களை உமிழ்கிறது. அவற்றுள் முக்கியமானது 1931-ல் கண்டறியப்பட்ட சப்ஸ்டன்ஸ் பி. இது இரத்தக்குழாய்களைக் கசியச் செய்கிறது, வெள்ளையணுக்களை வரவழைக்கிறது, வீக்கத்தைக் கூட்டுகிறது. வீக்கம் நரம்பை மேலும் தூண்டுகிறது. நரம்பு மேலும் உமிழ்கிறது. இதற்கு நரம்புவழி அழற்சி என்று பெயர். மிளகாய் அரைத்த கையில் தோல் சிவந்து காந்துவதை அறியாத வீடு இந்தியாவில் இல்லை. மிளகாய் தோலைச் சுடவில்லை. அதிலுள்ள கேப்சைசின் வெப்பத்தை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. அந்தச் சிவப்பில் நரம்பின் கைவரிசை இருக்கிறது.

கேப்சைசினை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தை டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997-ல் அடையாளம் கண்டது. 2021-ன் மருத்துவ நோபல் பரிசை அவரும் ஆர்டெம் படபூட்டியனும் பகிர்ந்துகொண்டனர். கடுகின் காரத்தை உணர்வது டி.ஆர்.பி.ஏ.1 என்ற இன்னொரு புரதம். இவ்விரண்டும் கணையத்துக்குச் செல்லும் உணர்வு நரம்புகளிலும் இருக்கின்றன. மிளகாயையும் கடுகையும் நாவில் அறிவிக்கும் அதே வாயில்கள்தாம் வயிற்றின் ஆழத்தில் கணையத்தின் எரிச்சலையும் அறிவிக்கின்றன. அறிவிப்பதோடு அதைப் பெருக்கவும் செய்கின்றன.

1998-ல் மாதவ் பாட்டியா, அசோக் சலூஜா உள்ளிட்ட ஆய்வாளர்கள் சப்ஸ்டன்ஸ் பி-யின் ஏற்பி இல்லாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளில் கணைய அழற்சியைத் தூண்டிப் பார்த்தனர். சாதாரண எலிகளைவிட அவற்றில் கணையச் சேதமும், அதைத் தொடர்ந்து வரும் நுரையீரல் சேதமும் குறைவாக இருந்தன. நரம்பின் செய்தியைத் திசு கேட்க முடியாதபோது நோயே தணிந்தது.

2013-ல் ஜர்னல் ஆஃப் நியூரோசயின்ஸ் இதழில் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. செருலின் என்ற பொருளை வாரம் இருமுறை செலுத்தி எலிகளில் திரும்பத் திரும்பத் திடீர் கணைய அழற்சியை உண்டாக்கினர். மூன்று வாரங்களில் ஆறு தாக்குதல்கள். அதற்குள் கணையத்தில் தழும்புத் திசு படிந்தது, நரம்பிழைகள் புதிதாகக் கிளைத்தன, மேற்சொன்ன இரு வாயில்களின் மரபணுச் செயல்பாடும் கூடியது. வாயில்களை அடைக்கும் மருந்தை மூன்றாம் வாரத்துக்கு முன்பே தொடங்கியபோது அழற்சியும் குறைந்தது, வலியைக் காட்டும் நடத்தையும் குறைந்தது. மருந்தைத் தொடர்ந்தபோது, அதற்குப் பிறகும் ஏழு வாரங்கள் செருலின் கொடுத்தும் நோய் நாட்பட்டதாக முற்றவில்லை. அதே மருந்தை மூன்றாம் வாரத்துக்குப் பின் தொடங்கியபோது பயன் இல்லை.

மருந்து ஒன்றே, எலி ஒன்றே. வேறுபட்டது காலம் மட்டும். இந்த விவாதம் முழுவதற்கும் அச்சாணி இந்த முடிவுதான்.

இங்கிருந்து இரண்டு தவறான பாதைகள் பிரிகின்றன. முதலாவது, ஆரவாரத்தின் பாதை. 'நரம்பைத் தடுக்கும் மருந்தால் கணைய அழற்சி குணமாகும்' என்று தலைப்பிடுவது எளிது. அதை வாட்ஸப்பில் பரப்புவது அதைவிட எளிது. நரம்பு என்ற சொல்லே பேச்சுத்தமிழில் இரண்டு வேலை செய்கிறது. ஊசி போட 'நரம்பு கிடைக்கவில்லை' என்று செவிலியர் சொல்வது இரத்த நாளத்தை. 'நரம்புத் தளர்ச்சி' என்று விளம்பரங்கள் மிரட்டுவது எதை என்று விளம்பரம் செய்பவருக்கே தெரியாது. இந்தக் குழப்பத்தின் நடுவே 'நரம்பு மருந்து' என்ற செய்தி இறங்கினால், இருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டு இல்லாத மருந்தைத் தேடி அலைபவர்கள் உருவாவார்கள்.

ஆகவே தெளிவாகச் சொல்ல வேண்டியவை சில. மேற்கண்டவை எலிகளில் நடந்த ஆய்வுகள். செருலின் என்பது ஆஸ்திரேலிய மரத்தவளை ஒன்றின் தோலில் கண்டறியப்பட்ட பொருள். அதனால் எலிக்கு வரும் நோயும், மரபணுவாலும் கல்லாலும் மதுவாலும் மனிதருக்கு வரும் நோயும் அப்படியே ஒன்றல்ல. டி.ஆர்.பி.வி.1 வாயிலை அடைக்கும் மருந்துகளை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. அம்ஜென் நிறுவனத்தின் ஏ.எம்.ஜி.517 என்ற மருந்து, பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் வலிக்காகச் சோதிக்கப்பட்டபோது உடல் வெப்பத்தை 40 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றியதை 2008-ல் வெளியான கட்டுரை பதிவு செய்தது. அந்த வாயில் உடலின் வெப்பத்தைச் சீராக்குவதிலும் பங்கு கொள்கிறது. அதை மொத்தமாக அடைத்ததன் விலை அது. தீவிரப் பிரிவில் இருந்த கணைய அழற்சி நோயாளிகளுக்கு முதுகுத்தண்டு வழியாக மரப்பு மருந்து செலுத்திய பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. வென்டிலேட்டர் உதவியின்றிக் கழிந்த நாள்கள் அதனால் கூடவில்லை. நரம்புத் தடுப்பு கணையத்தைக் குணமாக்கும் என்று மனிதரைப் பொறுத்தவரை இன்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது தவறான பாதை அலட்சியத்தின் பாதை. ஆரவாரத்தைவிட இது ஆபத்தானது. ஏனெனில் அது நிதானத்தின் வேடத்தில் வருகிறது. 'எலி ஆய்வுதானே, மனிதரில் நிரூபணமாகட்டும். அதுவரை பழைய வரிசையே இருக்கட்டும்' என்பது அதன் குரல். ஆனால் அந்தப் பழைய வரிசையும் நிரூபணமானதன்று. நாட்பட்ட கணைய அழற்சியில் கணையம் முழுவதும் அழிந்த பின் வலி தானே 'எரிந்து அணையும்' என்ற கருத்தை 1984-ல் ஜூரிக் மருத்துவர் அம்மான் தலைமையிலான ஆய்வு பரவலாக்கியது. பொறுத்திருங்கள் என்று நோயாளியிடம் சொல்வதற்கு அது சான்றிதழாயிற்று. 1993-ல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த லாங்கிஷின் ஆய்வில், பத்தாண்டுகளுக்கு மேல் கவனிக்கப்பட்ட நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வலி நீடித்தது. பத்தாண்டுகளை வலியில் கழித்தும் அணையாத நெருப்புக்காகக் காத்திருக்கச் சொல்வதை நிதானம் என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

மனித நரம்புகள் குறித்த சான்று எலியை நம்பி நிற்கவில்லை என்பதும் இங்கே முக்கியம். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட மனிதக் கணையங்களை ஆராய்ந்து 1988-ல் வெளியான கட்டுரை, நரம்புகள் தடித்திருப்பதையும், அவற்றின் காப்புறை சிதைந்திருப்பதையும், அழற்சி அணுக்கள் அவற்றைச் சூழ்ந்திருப்பதையும் காட்டியது. நாட்பட்ட நோயில் தண்டுவடமும் மூளையும் வலியைக் கற்றுக்கொள்கின்றன. சிறு தூண்டலுக்கும் பெரிதாக எதிர்வினை காட்டுகின்றன. கணையத்தையே முழுவதுமாக அகற்றிய பின்னும் சிலருக்கு வலி தொடர்வது இதனால்தான். உறுப்பு போய்விட்டது, வலி இருக்கிறது. அறிகுறி என்றால் இப்போது எதன் அறிகுறி?

இந்தப் பின்னணியில், வயிற்றின் நரம்புத் தொகுப்பில் மருந்து செலுத்தும் சிகிச்சையைப் பார்க்க வேண்டும். கப்பிஸ் என்ற ஜெர்மானியர் 1914-லேயே விவரித்த முறை இது. இன்று எண்டோஸ்கோப்பி, அல்ட்ராசவுண்ட் துணையோடு மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் அங்கே செலுத்தப்படுகின்றன. நாட்பட்ட கணைய அழற்சியில் பலருக்கு ஓரளவு நிம்மதி கிடைக்கிறது; பெரும்பாலும் சில மாதங்களில் அது தேய்ந்துவிடுகிறது. பொதுவாக மாத்திரைகள் தோற்று, ஸ்டென்ட் தோற்று, நோயாளியின் பொறுமையும் சேமிப்பும் தீர்ந்த பிறகே இது முன்வைக்கப்படுகிறது. பிட்ஸ்பர்க் எலிகளின் கணக்கில் அது மூன்றாம் வாரத்துக்கு வெகு பின்னால். கடைசியில் கொடுத்துவிட்டு, 'நரம்புச் சிகிச்சை பெரிதாகப் பயன்படவில்லை' என்று தீர்ப்பெழுதுவது, வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டிவிட்டு அணையால் பயனில்லை என்பதற்கு ஒப்பானது.

இந்தியாவில் இந்தக் காலதாமதத்துக்குத் தனிக் காரணங்கள் உண்டு. முதலாவது, இழிவு. கணைய அழற்சி என்றதும் 'குடியா?' என்ற கேள்வி எழுகிறது. இந்தியா முழுவதிலிருந்தும் 1,086 நாட்பட்ட கணைய அழற்சி நோயாளிகளைச் சேர்த்து 2008-ல் வெளியான ஆய்வில் மதுவைக் காரணமாகக் கொண்டோர் 40 விழுக்காட்டுக்கும் குறைவு. ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குக் காரணமே தெரியவில்லை. 1960-களில் கேரளத்தில் கீவர்கீஸ் விவரித்த நோயாளிகள் சிறுவயதிலேயே வயிற்றுவலியோடு வந்தவர்கள், இளமையிலேயே நீரிழிவுக்கு ஆளானவர்கள். மரவள்ளிக்கிழங்கின் மீது பழி போடப்பட்டது, அது நிலைபெறவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாறுபாடு இந்திய நோயாளிகள் பலரிடம் இருப்பது பின்னர் தெரியவந்தது. குடிக்காத பிள்ளையின் வலியைப் பள்ளிக்குப் போகாமலிருக்கச் செய்யும் பாசாங்காகவும், இளைஞரின் வலியைக் குடியின் கூலியாகவும் பார்க்கும் சமூகத்தில், தொடக்க மாதங்கள் சந்தேகத்திலேயே கழிந்துவிடுகின்றன. காலம்தான் சிகிச்சையின் உயிர் என்றால் அந்தச் சந்தேகமும் நோய்க்காரணிதான்.

இரண்டாவது, பணம் பாயும் திசை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சேர்க்கைக்குக் காப்பீடு தருகிறது. புறநோயாளியாக மாதக்கணக்கில் வாங்க வேண்டிய நொதி மாத்திரைகளும் வலி மருந்துகளும் அதன் வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. நோய் முற்றி அறுவை அரங்குக்கு வந்தால் அரசு செலவழிக்கும். முற்றாமல் பார்த்துக்கொள்ள நோயாளியே செலவழிக்க வேண்டும். தாமதத்துக்குப் பரிசளிக்கும் ஏற்பாடு இது.

மருத்துவர்கள் தரப்பில் மூன்று மறுப்புகள் எழக்கூடும். வலியை அடக்கினால் நோய் மறைந்துகொள்ளும், ஆபத்தை அறிய முடியாமல் போகும் என்பது முதல் மறுப்பு. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் இல்லாத காலத்தில் அறுவை மருத்துவருக்கு வலி மட்டுமே வழிகாட்டி. அன்று அதில் நியாயம் இருந்தது. லைப்பேஸ் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் உள்ள இடத்தில் நோயாளியின் துடிப்பை அளவுகோலாக வைத்திருப்பதற்கு நியாயம் இல்லை.

வலி மருந்துகள் பழக்கமாகிவிடும் என்பது இரண்டாம் மறுப்பு. ஓபியாய்டுகளைப் பற்றி இந்த அச்சம் சரியானதே. நாட்பட்ட வலியில் அவற்றை நீண்டகாலம் நம்புவது கேடு. ஆனால் அந்த அச்சமே நரம்பை இலக்காகக் கொண்ட பிற வழிகளை முன்னதாகத் தேடுவதற்கான வாதம். நாட்பட்ட கணைய அழற்சி கொண்ட 64 பேரிடம் பிரீகாபலினைச் சோதித்த 2011-ன் ஐரோப்பிய ஆய்வில், மூன்று வாரங்களில் வலி மிதமாகக் குறைந்தது. கணையக் குழாயின் கற்களை அகற்றிய பின்னும் வலி திரும்பியவர்களுக்குப் பிரீகாபலினோடு ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளைச் சேர்த்துக் கொடுத்து ஹைதராபாத்தின் ஏசியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி 2016-ல் வெளியிட்ட ஆய்விலும் பயன் தெரிந்தது. இவை நோயைக் குணமாக்கின என்று யாரும் சொல்லவில்லை. வலியைக் கேட்டு நடக்கும் ஆய்வு இந்தியாவிலேயே முடியும் என்பதை அவை காட்டுகின்றன.

முன்கூட்டிச் செய்வதால் மனிதருக்குப் பயன் உண்டென்பதற்குச் சான்று எங்கே என்பது மூன்றாம் மறுப்பு. நரம்பு மருந்துகளில் அத்தகைய சான்று இன்னும் உருவாக்கப்பட வேண்டியதே. ஆனால் காலத்தின் முக்கியத்துவத்துக்கு வேறொரு திசையிலிருந்து சான்று வந்திருக்கிறது. நெதர்லாந்தில் 88 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020-ல் வெளியான எஸ்கேப் ஆய்வு, முன்கூட்டியே அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கு, எண்டோஸ்கோப்பியில் தொடங்கிப் படிப்படியாகப் போனவர்களைவிட, அடுத்த 18 மாதங்களில் வலி குறைவாக இருந்ததைக் காட்டியது. சிகிச்சை வேறு, பாடம் ஒன்று. படிக்கட்டின் கடைசிப் படியில் வைத்திருப்பதைத் தகுந்தவர்களுக்கு முன்னால் கொண்டுவரலாமா என்று கேட்பது பொறுப்பான கேள்வி.

ஆகவே கோரப்படுபவை எளியவை. கணைய அழற்சியின் முதல் தாக்குதலிலிருந்தே வலியை அளந்து, நோய்ப்பதிவேட்டில் இரத்தப் பரிசோதனை முடிவுகளுக்கு இணையாகப் பதிய வேண்டும். இரண்டாம் முறை தாக்குதலோடு வருபவரைக் குடிப்பழக்கம் பற்றிய அறிவுரையோடு மட்டும் திருப்பி அனுப்பாமல், கணைய மருத்துவரும் வலி மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். புறநோயாளி மருந்துகளைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். நரம்புவழி அழற்சியைத் தொடக்க நிலையில் தடுக்க முடியுமா என்று, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு, இந்திய நோயாளிகளிடம் ஆராயப் பொதுநிதி ஒதுக்க வேண்டும். இந்நோய் இளம்வயதிலேயே தாக்கும் நாட்டில் இக்கேள்விக்கு விடை பிறர் தேடித் தரும்வரை காத்திருப்பது கடமை தவறுவதாகும்.

விடை 'இல்லை' என்றும் வரலாம். மனித நரம்பு எலியின் நரம்பைப் போல இணங்காமல் போகலாம். வாயில்களை அடைப்பதன் விலை மிக அதிகமாக இருக்கலாம். அப்போதும் ஒன்று மிஞ்சும்: முதல் நாளிலிருந்தே வலி கேட்கப்பட்டிருக்கும், அளக்கப்பட்டிருக்கும், தணிக்கப்பட்டிருக்கும். 'வெறும் அறிகுறி' என்ற இரண்டு சொற்கள் இவ்வளவு காலமாக நோயாளிகளுக்கு மறுத்துவந்தது அதைத்தான்.